பணத்துக்கு முன் பத்திரம்

வெளிநாட்டுக் குடிபெயர்வு பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "கையில் இவ்வளவு இருக்கிறது, குடும்பத்தோடு போக முடியுமா?" எவ்வளவு இருக்கிறது என்பதை விட, எதை முதலில் செலவழிக்கிறீர்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆயிரக்கணக்கில் முடியும் வேலைகளை முதலில் முடித்துவிட்டால், இலட்சக்கணக்கில் இறங்கலாமா கூடாதா என்பது தானாகவே தெரிந்துவிடும். கணக்குக்காக ஒரு கனடா டொலரை 220 ரூபா, ஒரு ஸ்டேர்லிங் பவுணை 400 ரூபா என்று வைத்திருக்கிறோம். கட்டும் நாளில் உள்ள விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஏழு வருடமாக அரசாங்க வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தர். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீசியன். பிள்ளைகள் இருவர், 7 வயதும் 3 வயதும். சேமிப்பு 9 இலட்சம். கனடா நல்லதா, இங்கிலாந்து நல்லதா? வீட்டில் பெரியவர்கள் கணவர் பெயரில்தான் போட வேண்டும் என்கிறார்கள்.
— ஹட்டன் வாசகி

பதில்: சகோதரி, விண்ணப்பம் உங்கள் பெயரில்தான் போக வேண்டும். குடும்பத் தலைவர் யார் என்று எந்த நாட்டு விசா அலுவலகமும் கேட்பதில்லை. யாருடைய தகுதிக்கு வழி திறந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறது. உங்களுடையதற்குத் திறந்திருக்கிறது.

புள்ளி அடிப்படையில் நிரந்தர வதிவிடம் தரும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் வேலை வாய்ப்புக் கடிதம் இல்லாமல் போகும் நான்கு பேர் கொண்ட குடும்பம், 2025 ஜூலையில் வந்த அட்டவணைப்படி 28,362 கனடா டொலர் கையிருப்புக் காட்ட வேண்டும். ஏறத்தாழ 62 இலட்சம் ரூபா. இது கட்டணம் அல்ல, உங்கள் பணமாகவே இருக்கும். ஆனாலும் இருக்க வேண்டும். கணவனையும் பிள்ளைகளையும் பிறகு கூப்பிடுகிறேன், ஒருவருக்கான தொகையை மட்டும் காட்டுகிறேன் என்றால் நடக்காது. கூட வராத துணையும் பிள்ளைகளும் கூட அந்தத் தலைக்கணக்கில் சேருவார்கள். ஆகவே 9 இலட்சத்தோடு கனடாவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

இங்கிலாந்தில் பதிவுபெற்ற தாதியருக்கான சுகாதார, பராமரிப்புப் பணியாளர் விசா இன்னும் இருக்கிறது. குடும்பத்தை அழைத்துப் போகவும் அனுமதி உண்டு. மற்ற வேலை விசாக்களில் பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண் கட்ட வேண்டிய சுகாதார மேல்வரி, இந்த விசாவில் உங்களுக்கும் இல்லை, குடும்பத்துக்கும் இல்லை. பணம் குறைந்தவர்களுக்கு இந்த ஒரு விலக்கு மட்டுமே பல இலட்சம் பெறும்.

படிகள் இவை. முதலில் ஆங்கிலம். தாதியர் பதிவுச் சபையான என்எம்சி கேட்பது ஐஈஎல்டிஎஸ் அகடமிக்: வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. கனடாவுக்குப் போகிறவர்கள் எழுதும் ஜெனரல் வகையை எழுதிவிட்டு வந்தால் கட்டிய பணம் வீண். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் நமது ஊர் வகுப்புகள் பெரும்பாலும் கனடாக் கூட்டத்துக்காகவே நடக்கின்றன. மாற்றாக, சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஈடி எழுதலாம். மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ் போதும். வார்டுக் குறிப்பு எழுதிப் பழகிய தாதிக்கு ஓஈடி கைக்கு எட்டும் என்பது எங்கள் எண்ணம், ஏனென்றால் அங்கே எழுத வேண்டியது நோயாளியை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் கடிதம். ஐஈஎல்டிஎஸ்ஸில் போல நகரமயமாக்கல் பற்றிக் கட்டுரை எழுதத் தேவையில்லை.

ஆங்கிலம் தேறிய பிறகே மற்றச் செலவு. கணினித் தேர்வான சிபிடி 83 பவுண், என்எம்சி விண்ணப்பம் 140, அங்கே போய் எழுதும் செய்முறைத் தேர்வான ஒஸ்கி 794, பதிவு 153. விசா, மூன்று வருடம் வரையிலானது, 2025 ஏப்ரல் 9 முதல் உள்ள கட்டணத்தில் 304. கூட்டினால் 1,474 பவுண், ஏறத்தாழ 5 இலட்சத்து 90 ஆயிரம். ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் டிக்கெட்டும் தனி. ஆனால் தேசிய சுகாதார சேவையின் கீழ் வரும் பல வைத்தியசாலைகள் டிக்கெட், விசா, முதல்முறை ஒஸ்கி ஆகியவற்றைத் தாமே ஏற்கின்றன. நேர்முகத்தில் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள்; அதோடு, இடையில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியையும் தேடிப் படியுங்கள்.

நால்வரும் ஒன்றாகப் போகாதீர்கள். நீங்கள் முதலில் போங்கள். ஒஸ்கி தேறி, முழுத் தாதிச் சம்பளம் வந்து, வாடகை வீடு பிடித்த பின் கணவரும் பிள்ளைகளும் சேர்ந்து வரட்டும். மூவருக்கும் விசா 912 பவுண், 3 இலட்சத்து 65 ஆயிரம். இதற்கு மேல் துணைக்கு 285, முதல் பிள்ளைக்கு 315, அடுத்த பிள்ளைக்கு 200 என்று 800 பவுண் 28 நாள் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். முதலாளி பொறுப்பேற்பதாக உறுதி கொடுத்தால் அதுவும் வேண்டாம். கணவரை இங்கே விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் எடுப்பது கடினம். தாய் தகப்பன் இருவரும் அங்கே இருக்க வேண்டும், அல்லது கூடவே வர வேண்டும் என்பது விதி.

வேலையை இராஜினாமாச் செய்யும் முன் உங்கள் சேவைக் கோப்பைப் பாருங்கள். பயிற்சிக்குப் பிந்திய கட்டாய சேவைக் காலம் பாக்கி இருந்தால் விடுவிப்புக் கடிதம் சிக்கலாகும். இலங்கைத் தாதியர் சபைப் பதிவும் நடப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் என்எம்சி அங்கேதான் உங்களைப் பற்றி விசாரிக்கும். இன்னொன்று: அங்கே நிரந்தர வதிவிடம் பெற 5 வருடம் என்று இருந்ததைப் பொதுவாக 10 ஆக்கப்போவதாக அந்த அரசாங்கம் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அறிவித்தது. ஐந்து வருடத்தில் குடியுரிமை என்று யாராவது கணக்குச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் கெயார் வேலை, ஸ்பொன்சர் கடிதம் ரெடி, குடும்பத்தோடு போகலாம், 38 இலட்சம் என்று ஒருவர் சொல்கிறார். பாதிப் பணம் முன்னால் கேட்கிறார். கட்டலாமா?
— மஸ்கெலியா வாசகர்

பதில்: கட்ட வேண்டாம். பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துப் போகும் வசதி 2024 மார்ச் 11 அன்றே நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுக்கும் வழியே 2025 ஜூலை 22 அன்று மூடப்பட்டது. இன்று அதை விற்கிறவர் இல்லாத ஒன்றை விற்கிறார்.

திறந்திருக்கும் வேலை விசாவாக இருந்தாலும், ஸ்பொன்சர் சான்றிதழுக்கான கட்டணத்தையும், வெளிநாட்டவரை எடுப்பதற்காக முதலாளி கட்டும் திறன் வரியையும் தொழிலாளியிடம் வாங்க அந்நாட்டு முதலாளிக்கு அனுமதி இல்லை. "ஸ்பொன்சர் காசு" என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வந்துவிடலாம். உரிமம் உள்ள ஸ்பொன்சர்களின் பட்டியலை இங்கிலாந்து அரசாங்கம் இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. அதில் பெயர் இருப்பது மட்டும் போதாது. பெயர் உண்மை, கடிதம் பொய் என்று வருவதும் உண்டு. நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே பேசுங்கள், கடிதத்தில் அச்சிட்ட இலக்கத்துக்கு அல்ல.

எந்த நாடாக இருந்தாலும், ஏஜென்சிக்கு உரிமம் உண்டா, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்ற இரண்டையும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. உரிமம் உள்ள ஏஜென்சியும் அனுமதி இல்லாத வேலைக்கு ஆள் சேர்க்கக்கூடும். தென்கொரியாவுக்கு என்றால் பேச்சே இல்லை: அந்த வேலைத் திட்டம் பணியகத்தின் ஊடாக மட்டுமே நடக்கிறது, இடையில் எந்த ஏஜென்டுக்கும் இடமில்லை, குடும்பத்துக்கும் இடமில்லை.

கேள்வி: எனது பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் "ராமசாமி", அடையாள அட்டையில் "இராமசாமி", பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் வேறு எழுத்து. மனைவியின் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில், அதில் அவரது பெயரே கொஞ்சம் மாறி இருக்கிறது. கோயிலில் 2014இல் கல்யாணம், பதிவு 2019இல். மூத்த பிள்ளை 2016இல் பிறந்தது. இவையெல்லாம் பிரச்சினையா?
— தலவாக்கலை வாசகர்

பதில்: தோட்டப் பகுதிகளிலிருந்து போகிறவர்களின் விண்ணப்பங்கள் பணத்தால் நிற்பதை விட இதனால் நிற்பதே அதிகம். தோட்ட ஆஸ்பத்திரியில் பிறப்பு, தோட்டத்து உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்த துண்டு, அதைப் பார்த்து வேற்றுமொழிப் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியது என்று மூன்று கை மாறி வந்த பெயர்கள் நம்முடையவை. ஒரு நாளில் சரியாகாது. ஆகவே வேறு எதையும் தொடங்கும் முன் இதைத் தொடங்குங்கள்.

முதலில் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட், பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிப் பதிவு என்று நிரல்கள். ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். மாறும் இடத்தில் சிவப்புக் கோடு.

இனி அவற்றைப் பிரிக்க வேண்டும். "ராமசாமி", "இராமசாமி" போன்றவை தமிழுக்குள் உள்ள வேறுபாடு. வெளிநாட்டு அதிகாரி தமிழ் எழுத்தைப் படிப்பதில்லை, மொழிபெயர்ப்பைத்தான் படிக்கிறார். இதற்குத் திருத்தம் தேவையில்லை, மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு வார்த்தை போதும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது எல்லோருடைய பாஸ்போர்ட் பிரதியையும் கொண்டுபோங்கள். ஆங்கில எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வர வேண்டும் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் தமக்குப் பழகிய எழுத்தில் போடுவார். மூலத்தில் இல்லாத பிழை ஒன்று மொழிபெயர்ப்பில் புதிதாகப் பிறந்துவிடும். ஒரே குடும்பத்தின் பத்திரங்களை இரண்டு மொழிபெயர்ப்பாளரிடம் பிரித்துக் கொடுப்பதும் இதே சிக்கலைத் தரும்.

மனைவியின் பெயர் விஷயம் வேறு. பதிவிலேயே பெயர் மாறியிருந்தால் திருத்த வேண்டும். பிறப்புப் பதிவான பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில், மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். இப்போது வசிக்கும் ஊரின் செயலகத்தில் நின்று ஒரு நாளை வீணாக்குபவர்கள் பலர். பழைய ஆவணங்கள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் கொண்டுபோங்கள்: பாடசாலைச் சேர்வுப் பதிவேட்டின் பிரதி, தாயின் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் அதுவும். பிறந்த காலத்தை ஒட்டி எழுதப்பட்ட ஆவணத்துக்குத்தான் மதிப்பு அதிகம். திருத்தியபின் அடையாள அட்டை, அதன்பின் பாஸ்போர்ட். இந்த ஒழுங்கை மாற்றிப் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்தால் அதை மறுபடி எடுக்க வேண்டி வரும், காசும் இரட்டிப்பு.

திருத்த முடியாத சில்லறை வித்தியாசங்களுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்கலாம். "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும்" என்ற ஒற்றை வரி போதாது. எந்த ஆவணம், என்ன இலக்கம், அதில் பெயர் எப்படி, ஏன் மாறியது என்று ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். பிறந்த திகதி மாறியிருந்தால் சத்தியக் கடதாசியை நம்பிப் போகாதீர்கள். அதைப் பதிவிலேயே திருத்துங்கள்.

திருமணம்: படிவத்தில் திருமணத் திகதி என்ற இடத்தில் பதிவுத் திகதியைப் போடுங்கள். விளக்கக் கடிதத்தில், இந்து முறைப்படி 2014இல் கோயிலில் திருமணம், சட்டப் பதிவு 2019இல் என்று இரண்டு வரி எழுதுங்கள். கல்யாணப் படம், அழைப்பிதழ் இருந்தால் இணையுங்கள். மூத்த பிள்ளையின் சான்றிதழில் "பெற்றோர் விவாகமானவர்களா" என்ற கூட்டில் இல்லை என்று இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெற்றோர் பின்னர் திருமணத்தைப் பதிந்திருந்தால் பிள்ளையின் பிறப்பைத் திருத்திப் பதிய வழி உண்டு. அதே மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேளுங்கள். தகப்பன் பெயர் சான்றிதழில் இருக்கிறதா என்பதுதான் விசாவுக்கு முக்கியம். இல்லாவிட்டால் கட்டாயம் திருத்துங்கள்.

கடைசியாக, நமது பெயர் முறை. தகப்பன் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாக வருவதால் தகப்பன், தாய், பிள்ளை மூவருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கும். இது பிழை அல்ல. ஒரேபோலக் காட்டலாம் என்று மனைவியின் பெயரை மாற்றப் போகாதீர்கள். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் எந்தக் கூட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அப்படியே போடுங்கள். ஐஈஎல்டிஎஸ் பதிவிலும் அப்படியே.

கேள்வி: வயது 34. இரண்டு வருட டிப்ளோமா, கணக்கு உதவியாளராக 6 வருடம். மனைவி முன்பள்ளி ஆசிரியை, பிள்ளைகள் இருவர். கனடாவுக்கு 67 புள்ளி வந்தால் போதும் என்கிறார்கள். எனக்கு வருமா?
— பண்டாரவளை வாசகர்

பதில்: வரும். வந்தும் போதாது.

67 என்பது எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் திறன்சார் பணியாளர் பிரிவுக்குள் நுழையும் வாசல். உங்கள் கணக்கு: வயதுக்கு 12, இரண்டு வருட டிப்ளோமாவுக்கு 19, ஆறு வருட அனுபவத்துக்கு 15, ஐஈஎல்டிஎஸ் ஜெனரலில் நான்கிலும் 6 எடுத்தால் 16, மனைவி அடிப்படை ஆங்கிலத் தேர்வு எழுதினால் 5. மொத்தம் சரியாக 67. இதில் டிப்ளோமாவை அங்கே எந்த மட்டமாகக் கணிப்பார்கள் என்பதைச் சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனம்தான் சொல்லும். ஒரு வருடப் படிப்பு என்று இறக்கிவிட்டால் 4 புள்ளி போய்விடும், வாசலும் மூடும்.

உள்ளே போனபின் போட்டி வேறு அளவுகோலில் நடக்கிறது. அதில் உங்களுக்கு வயதுக்கு 75, படிப்புக்கு 91, மொழிக்கு 64, படிப்பும் அனுபவமும் மொழியோடு சேர்வதால் வரும் சேர்க்கைப் புள்ளிகள் 38. மனைவியின் சில புள்ளிகளை விட்டால் 268. நான்கிலும் கனடாவின் மொழி அளவுகோலான சிஎல்பியில் 9ஆம் மட்டம், அதாவது கேட்டல் 8, மற்ற மூன்றும் 7 எடுத்தால் அது 357 ஆகிறது. ஒரே தேர்வில் 89 புள்ளி ஏற்றம். வேறு எந்தச் செலவும் இவ்வளவு திருப்பித் தராது. ஆனாலும் கனடாவிலேயே வேலை செய்தவர்களுக்கான 2025 தெரிவுகள் 500க்கு மேல்தான் நின்றன. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த மேலதிகப் புள்ளிகளும் 2025 மார்ச் 25 முதல் இல்லை. "ஜொப் ஓஃபர் வாங்கித் தருகிறேன், புள்ளி ஏறும்" என்பவரிடம் அந்தத் திகதியைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு உள்ள உண்மையான வழி பிரெஞ்சு. நான்கு திறனிலும் 7ஆம் மட்டத்தைத் தொட்டு, ஆங்கிலமும் கைவசம் இருந்தால் 50 மேலதிகப் புள்ளியும் இரண்டாம் மொழிப் புள்ளிகளும் சேர்ந்து 420ஐ நெருங்குவீர்கள். பிரெஞ்சுக்காரருக்கெனத் தனித் தெரிவுகள் நடக்கின்றன. 2025 மார்ச் 21இல் ஒன்று 379 வரை இறங்கியது. கண்டியில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஆனால் இது ஆறு மாத வேலை அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்கு இரண்டு வருடமாவது பிடிக்கும். அதற்குள் வயதுப் புள்ளி வருடத்துக்கு ஐந்தைந்தாகக் கரையும். ஆங்கிலத் தேர்வு முடிவு இரண்டு வருடமே செல்லும் என்பதால் ஐஈஎல்டிஎஸ்ஸைப் பிரெஞ்சு முடியும் தறுவாயில் எழுதுங்கள், இப்போதே எழுதி வைக்காதீர்கள். சான்றிதழ் மதிப்பீடு ஐந்து வருடம் செல்லும். அது சாதகமாக வருமா என்பதிலேயே எல்லாம் தங்கியிருப்பதால் அதை முதலில் செய்யலாம்.

பணம்: நால்வருக்கு 28,362 டொலர் கையிருப்பு. கட்டணம் 2024 ஏப்ரல் 30இன் அட்டவணையில் பெரியவர் ஒருவருக்கு 950, பிள்ளைக்கு 260, கைரேகைக்கு குடும்பத்துக்கு 170. அதாவது 2,590 டொலர், 5 இலட்சத்து 70 ஆயிரம். நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் தலைக்கு 575, பெரியவர்களுக்கு மட்டும். அதை அங்கீகாரம் வந்தபின் கட்டலாம். கட்டணங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடும்.

கேள்வி: கையிருப்புக் காட்ட நகையை அடகு வைத்து, சீட்டு எடுத்து, சேமலாப நிதியும் சேர்த்தால் ஒத்துக்கொள்வார்களா?
— நானுஓயா வாசகி

பதில்: அடகு என்பது கடன். கனடாவுக்குக் கடன் வாங்கிய பணத்தைக் காட்ட முடியாது. வங்கிக் கடிதத்தில் உங்கள் கடன்களையும் எழுத வேண்டும் என்பதால் மறைக்கவும் முடியாது. நகையை விற்றால் அது உங்கள் பணம், கடைப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் முதலாவதாக எடுப்பவர் கையில் இருப்பது மற்றவர்களின் காசு, கடைசியாக எடுப்பவரின் காசு அவரது சேமிப்பு. அதிகாரிக்கு இந்த வேறுபாடு புரியாது. திடீரென்று ஒரு பெருந்தொகை விழுந்ததுதான் தெரியும். அதைவிட மாதாமாதம் வங்கியில் போடுவதே மேல். கடிதத்தில் ஒவ்வொரு கணக்கின் இலக்கம், திறந்த திகதி, இன்றைய மீதி, கடந்த 6 மாதச் சராசரி மீதி நான்கும் வேண்டும். நமது வங்கிக் கிளைகள் வழக்கமாகத் தரும் மீதிக் கடிதத்தில் சராசரி இராது, கேட்டு வாங்குங்கள். உறவினர் உதவினால் திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்ற கடிதமும் அவரது வங்கிக் கூற்றும் இணைக்க வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதியில் உள்ள 30 வீத முற்பணம் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் மட்டுமே. முழுத்தொகையை நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர் வயது வரும் முன்னரே எடுக்கலாம். ஆனால் நிரந்தர வதிவிட விசா கைக்கு வந்தபின்தான். வேலை விசா செல்லாது. ஆகவே கையிருப்புக் காட்ட அது உதவாது, போய் இறங்கியபின் வாடகைக்கு உதவும். நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலையை விட்டதும் கோரலாம்.

கேள்வி: தொழிற்சாலையில் 11 வருட ஃபிட்டர் வேலை. படித்த சான்றிதழ் இல்லை. துரை கொடுத்த கடிதம் மட்டும் இருக்கிறது. டுபாயில் வேலை கிடைத்தால் மனைவி பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?
— பொகவந்தலாவ வாசகர்

பதில்: கைத்தொழில் தெரிந்து சான்றிதழ் இல்லாதவர்களுக்கு முன்னறிவை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. வகுப்பில் உட்காராமல், செய்த வேலைக்கான ஆதாரக் கோப்பையும் செய்முறைச் சோதனையையும் வைத்து தேசிய தொழில் தகைமையான என்விகியூ 3 அல்லது 4 கொடுப்பார்கள். அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகார சபையான நைட்டாவின் அலுவலகத்தில் கேளுங்கள். கோப்பில் நீங்கள் கழற்றிப் பூட்டிய ரோலர், உலர்த்தி, மோட்டார் ஆகியவற்றின் படங்கள், திருத்த வேலைப் பதிவேட்டின் பிரதிகள், சம்பளத் துண்டுகள் இருக்கட்டும். தேயிலை இயந்திரம் வெளிநாட்டில் இல்லையே என்று நினைக்க வேண்டாம். பெயாரிங் மாற்றுவதும் பெல்ட் சீர்செய்வதும் எல்லா இயந்திரத்துக்கும் ஒன்றுதான்.

துரையின் கடிதம் "நன்னடத்தை உள்ளவர்" என்று மூன்று வரியில் இருந்தால் பயனில்லை. பதவி, தொடங்கிய திகதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகள் ஐந்தாறு, கையொப்பமிட்டவரின் பதவியும் தொடர்பு இலக்கமும் வேண்டும். நீங்களே வரைவு அடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், மறுக்க மாட்டார்கள். தோட்டம் கம்பனி மாறியிருந்தால் பழைய காலத்துக்குச் சேமலாப நிதிப் பதிவு சாட்சி சொல்லும்.

அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000மும் முதலாளி கொடுக்கும் இருப்பிடமும் இருக்க வேண்டும். திருமணச் சான்றிதழும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் நமது வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பிறகு அந்நாட்டுத் தூதரகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஆனால் 4,000இல் குடும்பத்தோடு இருப்பதை நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம். அங்கே வெளிநாட்டவர் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பாடசாலைக்குத்தான் போகிறார்கள். வாடகையும் பாடசாலைக் கட்டணமும் போனால் ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. பிள்ளை பாடசாலை வயதுக்கு வரவில்லை என்றால் வேறு கதை. விசிட் விசாவில் போய் வேலை தேடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணியகப் பதிவு இல்லாமல் போனால் அதன் காப்புறுதியும் இல்லை.

கேள்வி: ஜப்பானுக்கு குறித்த திறன் விசாவில் போனால் மனைவியையும் கூட்டிப் போகலாமா?
— பதுளை வாசகர்

பதில்: முதல் வகையில் முடியாது. மொத்தம் ஐந்து வருடம், தனியாகத்தான். இரண்டாம் வகைக்கு உயர்ந்தால் துணையையும் பிள்ளைகளையும் அழைக்கலாம். முதியோர் பராமரிப்பு உட்படச் சில துறைகளில் இரண்டாம் வகை கிடையாது. பராமரிப்புக்குப் போகிறவர் ஜப்பானின் தேசியப் பராமரிப்பாளர் தேர்வில் தேறி வேறு வதிவிட நிலைக்கு மாறினால்தான் குடும்பம். தொடங்கத் தேவையானது ஜேஎஃப்டி பேசிக் அல்லது ஜேஎல்பிடி என்4 என்ற ஜப்பானிய மொழித் தேர்வு, அத்தோடு துறைக்குரிய திறன் தேர்வு. பராமரிப்புக்கு மேலதிகமாக ஒரு மொழித் தேர்வும் உண்டு. குடும்பம்தான் குறிக்கோள் என்றால், துறையைத் தெரிவு செய்யும் முன்னரே அந்தத் துறையில் இரண்டாம் வகை இருக்கிறதா என்று வகுப்பில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: முதல் தாரத்துப் பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. கனடா விண்ணப்பத்தில் அந்தப் பிள்ளையைக் காட்டாவிட்டால் கையிருப்பும் செலவும் குறையும் என்கிறார் விண்ணப்பம் நிரப்புபவர்.
— கொட்டகலை வாசகர்

பதில்: காட்டுங்கள். கூட வராத பிள்ளையாகக் குறிக்கலாம், ஆனால் பெயர் இருக்க வேண்டும். 22 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளை என்றால் மருத்துவப் பரிசோதனையும் செய்விக்க வேண்டும். மறைத்து வதிவிடம் பெற்றால் அந்தப் பிள்ளையைப் பிற்காலத்தில் குடும்ப உறவாக அழைக்கும் உரிமை போய்விடும். பொய்த் தகவல் என்று உங்கள் வதிவிடமே கேள்விக்குள்ளாகலாம். பிள்ளை யாருடைய சட்டப் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு நீதிமன்றக் கட்டளையோ, மற்றப் பெற்றோரின் சம்மதக் கடிதமோ இப்போதே எடுத்து வையுங்கள். படிவத்தில் கையொப்பம் உங்களுடையது, நிரப்பிக் கொடுத்தவருடையது அல்ல.